புறா தீனியில் காய்ச்சிய பியர்

சோளத்தில் பியர் காய்ச்சுகிறவனுக்கு முதலில் தேவை, மூக்கு அவ்வளவாக வேலை செய்யாத அறை நண்பன். எனக்குப் பாண்டி இருந்தான். அமீரகத்தில் ராஸ் அல் கைமா என்ற ஊரில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரி. நான் லேபில், அவன் ஃபோர்க்லிஃப்டில். டெஸ்பாட்ச் ஆபீசில் நேசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ரூமில் மூவரும் சீட்டும் பியருமாக உட்காருவோம்.

ஒரு நாள் டாக்டர் நேசன் அண்ணைக்குக் கோதுமையும் பார்லியும் ஆகாது, குடல் தாங்காது என்று சொல்லிவிட்டார். பியர் என்றால் பார்லி. அவர் வருவது நின்றது. குளிர் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கனடாவில் மகளிடம் போகப் போகிறார் என்றும் தெரிந்தது. அதற்குள் ஒருமுறையாவது அவரை எங்களோடு உட்கார வைத்து, அவர் குடல் தாங்கக்கூடிய சோள பியர் ஒரு கிளாஸ் கொடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். வீட்டில் காய்ச்சுவது இங்கே சட்டப்படி சரியில்லை. வாசகர்களில் இதே பாடு பட்டவர்கள் இருந்தால் கை தூக்க வேண்டாம், மனதுக்குள் தலையாட்டினால் போதும்.

முளைக்காத முத்து

பியருக்கான தானியம் முதலில் முளைக்க வேண்டும். கீழக்கரை சாகுல் பாயின் மளிகைக் கடையில் வெள்ளைச் சோளம் வாங்கினேன். முத்து மாதிரி இருந்தது. ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பி, ஏசியைக் குறைத்து வைத்துக் காத்திருந்தேன். முளைக்கவில்லை. கொழகொழத்து நாறியது. பக்கத்து ரூம்காரர்கள் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டதா என்று வந்து கேட்டார்கள். பாண்டி அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்கினான்.

கடைக்குத் திரும்பிப் போய்க் குறை சொன்னேன். சாகுல் பாய் ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "தீட்டுன சோளம் எங்கே தம்பி முளைக்கும்? முளைக்கிறது வேணும்னா புறா தீனி விக்கிற கடைக்குப் போங்க. எங்கிட்ட இருக்கிறது மனுஷன் திங்கிறது."

மாடிக்கு வந்த விருந்தாளிகள்

புறா தீனி முளைத்தது. முளைத்ததை நன்றாகக் காயவைத்து, வேரையும் முளையையும் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும். சோள முளையில் விஷம் உண்டு. மொட்டைமாடியில் பழைய பெட்ஷீட்டை விரித்துக் காயப்போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அந்த வட்டாரத்துப் புறாக்கள் எல்லாம் அங்கே இருந்தன. தீனி யாருக்கு உரியது என்று அவற்றுக்குச் சந்தேகமே இல்லை.

வாட்ச்மேன் கான் பாய் கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். பெஷாவர்காரர், ஆறடிக்கு மேல். நான் திருட்டுத்தனமாகப் புறா வளர்ப்பதாக முடிவு செய்துவிட்டார். உண்மையைச் சொல்வதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியதால் தலைகுனிந்து நின்றேன். மிச்சத்தைப் பாண்டியின் காருக்குள் பரப்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினோம். கான் பாய் அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலை ஆட்டுவார். "பாய், இந்த பில்டிங்கில் கபூத்தர் மாஃபி. கலாஸ்." புறா கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கசப்புக்கு ஒரு வழி

பியருக்குக் கசப்பு வேண்டும். அதற்கு ஹாப்ஸ் என்று ஒரு பூ. அப்போது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. ரூமில் பாண்டியின் அம்மா கொடுத்தனுப்பிய நிலவேம்புப் பொடி இருந்தது. கசப்பு கசப்புதானே என்று ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

நிறம் குளத்துத் தண்ணீர். நுரை இல்லை. பாண்டி மரியாதைக்காக ஒரு கிளாஸை முழுவதும் குடித்து முடித்தான். கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். "இனிமே எனக்கு டெங்கு வராதுண்ணே. போதை வரும்னும் தோணல."

தேறிய சரக்கு

மூலிகைத் தேநீர் என்ற பெயரில் ஹாப்ஸ் பூ இணையத்தில் கிடைத்தது. இனிப்பு இருந்தால்தான் ஈஸ்ட் வேலை செய்யும், சோளம் சுலபத்தில் இனிப்பாக மாறாது என்பதும் ஒருவழியாகப் புரிந்தது. முளைகட்டிய சோள மாவைக் கரைத்து, மேலே தெளிகிற நீரைத் தனியே எடுத்து வைத்து, அடியில் தங்குவதைக் கூழாகக் காய்ச்சி, ஆறியபின் தெளிநீரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதைத் தண்ணீர் கேனில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தேன். இந்த முறை தேறியது. கொஞ்சம் நீர்த்திருந்தாலும் பியர்தான். நேசன் அண்ணைக்கு அடுத்த வாரம் ஃப்ளைட். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தார். இளைத்திருந்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நுரை நல்லா நிக்குது, என்ன? ஒரு பழ வாசமும் வருது." ஈஸ்ட் சந்தோஷமாக வேலை செய்தால் பழ வாசம் வரும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். பாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஈஸ்டாவது ஒண்ணாவது. தண்ணியா இருக்கேன்னு நேத்து நாந்தாண்ணே மால்ட் கூல்டிரிங்க் ரெண்டு பாட்டில் வாங்கி ஊத்துனேன். சின்னப் புள்ளைங்க குடிக்கிறதுதான்." உதட்டுக்குப் போன கிளாஸை நான் பிடுங்கியதில் பாதி அவர் சட்டையில். "மால்ட் எதுலடா செய்றான்? பார்லியிலடா!" பாண்டி காலி பாட்டிலைத் தேடி எடுத்தான். "பாட்டில்ல அன்னாசிப்பழம்தானே போட்டிருந்துச்சு…"

இன்னொரு முறை காய்ச்ச நாள் இல்லை. நேசன் அண்ணை சட்டையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு வெறும் தேத்தண்ணி ஒன்று போடச் சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைத்தார். முன்பு போலவே பாண்டியை ஏமாற்றினார். அவன் தெரிந்தே விட்டுக்கொடுத்தான். பியரை நாங்கள் இருவரும் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம், "இந்தக் குளிர் முழுக்க உங்களுக்காகத்தான் அண்ணை…" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிரவில்லை. "விளங்குது தம்பி. பியர் தேறுமட்டும் பாத்துக்கொண்டிராமல் ஒரு வெள்ளிக்கிழமை சும்மா கூப்பிட்டிருக்கலாம். தேத்தண்ணிக்கு வந்திருப்பன்."

நான் காய்ச்சியதில் உருப்படியாக வந்தது அந்த ஒன்றுதான், அதை யாருக்காகக் காய்ச்சினேனோ அவரைத் தவிர எல்லோரும் குடித்தோம்.