அம்பத்தூரில் கோல்ஃப் பிடி தேடிய நாள்

அதிகாலை ஐந்து மணிவாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ் அம்பத்தூரைக் கடந்தது. நான் போக வேண்டிய ஊரே அதுதான். ஆனால் வண்டி அங்கே நிற்காது. சென்ட்ரல் வரை போய் இறங்கி, புறநகர் வண்டி பிடித்து, வந்த வழியிலேயே பதினாறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். இரவெல்லாம் கண் மூடாதவனுக்கு இது வேறு. மஞ்சள் கலர்ப் பெயர்ப்பலகை எதுவும் கண்ணில் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

நீலகிரியில் ஒரு கோல்ஃப் கிளப்பில் நான் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருஷ வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் விளையாட்டுச் சாமான் கண்காட்சி நடக்கிறது என்று கிளப்புக்கு அழைப்பு வந்திருந்தது. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வருகிறேன் என்று செக்ரட்டரியிடம் லீவு கேட்டேன். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், புதிதாக வந்தவர். ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

நான் போன காரணம் வேறு. போன சனிக்கிழமை, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பதினெட்டு மட்டைகளையும் துடைத்தேன். மலை ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும். அன்றைக்கு என்ன புத்தியோ, கை வைக்கும் ரப்பர் பிடியையும் சேர்த்து ஊறப்போட்டுத் துடைத்தேன். மறுநாள் பார்த்தால் பதினெட்டுப் பிடியும் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் கையோடு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி. வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். எனக்கு முன்னால் இருந்த ஸ்டோர் கீப்பரை ஒரு பெட்டிப் பந்து காணாமல் போனதற்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பிடியை உரித்த மட்டை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

காலை ஒன்பது மணிக்கு, தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஸ்டேஷனான பட்டரவாக்கத்தில் இறங்கினேன். கூட வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கையில் டிபன் கேரியர். என் கையிலிருந்த நீளப் பொட்டலத்தைப் பார்த்து ஒரு பெண்மணி, “துப்பாக்கியா அண்ணே? அப்போ ஆவடியில இல்ல எறங்கணும்?” என்றார். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரராம். “கோல்ஃப் ஆடுற மட்டைங்க” என்றேன். அவர் அதற்கும் துப்பாக்கியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

பத்து மணிக்குக் கண்காட்சி திறந்தது. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, உள்ளே எழுபது எண்பது கடைகள். நுழைவு இலவசம். கேரம் போர்டு, கிரிக்கெட் பேடு, கோகோ கம்பம் எல்லாம் தாண்டிக் கடைசி வரிசையில் கோல்ஃபுக்கென்று ஒரே ஒரு கடை இருந்தது. ஜலந்தர்க்காரர். சும்மா சொல்லக்கூடாது, பார்த்ததும் என் கவலை ஐந்து நிமிஷம் எங்கோ போய்விட்டது. நீள அடி அடிக்கிற மட்டைக்கு எங்கள் கிளப்பில் ‘உட்’ என்று பெயர், தலை மரத்தில் இருக்கும். இவர் வைத்திருந்த ‘உட்’டின் தலை முழுக்க இரும்பு. பெயர் மட்டும் மரம். அதைத் தாங்கும் கம்பு கார்பன் என்கிற கரி இழையில் செய்தது. மனிதர் ஒற்றை விரலில் நிறுத்திக் காட்டினார். குளத்தில் விழுந்த பந்தை எடுக்க, ரேடியோ ஏரியல் போல இழுத்தால் இழுத்த இழுப்புக்கு நீளும் கோல் ஒன்று. நாங்கள் அதற்கு இத்தனை நாளாய் இடுப்பளவு தண்ணீரில் ஆளை இறக்கிக்கொண்டிருந்தோம். கையுறை இடது கைக்கு மட்டும், ஒற்றையாக விற்றார். இரண்டு பேரும் ஒரு மட்டைப் பையும் நனையாமல் நிற்கும் குடை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு மெதுவாக, பிடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன்.

“கிரிப்பா? ஆர்டர் கொடுங்க. ஒரு மாசம்” என்றார், இந்தியும் இங்கிலீஷுமாக.

கெஞ்சிப் பார்த்தேன். அவர் குடையை விரித்துக் காட்டினார். நான் குடையைப் பார்க்கிற நிலையில் இல்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். கொட்டகை அனலாய்க் கொதித்தது. வெளியே போகும் வழியில் சைக்கிள் ஹேண்டில் பிடி விற்கும் கடை ஒன்று. சிவப்பு, நீலம், பச்சை என்று குவித்த பிடிகளின் ஓரத்தில் கறுப்பாக, நீளமாக ஒன்று தனியே நின்றது. எடுத்தேன். சந்தேகமே இல்லை, கோல்ஃப் பிடி!

“அத்த உடு சார், அது பூராது” என்றார் கடைக்காரர். தாடியும் கட்டம் போட்ட கைலியுமாக ஐம்பது வயது மனிதர். பெயர் ஜமால் பாய், பூந்தமல்லிக்காரர், குமணன்சாவடியில் ரப்பர் பட்டறை. “வடக்க ஒரு கம்பெனிக்கு முந்நூறு பீஸ் ஊத்திக் குடுத்தேன். சைஸ் சரியில்ல, மாட்டவே மாட்டேங்குதுன்னு மூட்டையோட திருப்பி அனுப்ச்சிட்டான். நானும் ஆறு மாசமா அளந்துகினே கீறேன். சைஸ் கரீட்டா கீது சார். இன்னா கோளாறுன்னே புரியல.”

பிடியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். மூடி மொழுமொழுவென்று இருந்தது.

“ஏனுங்க பாய், இங்க ஒரு சின்ன ஓட்டை இருக்கணுமே?”

“சாம்பிள்ல இருந்திச்சி சார். நாமோ டியூபு, டயரு பார்த்த கை. ஓட்டைன்னா பஞ்சர்தானே? அச்சு தேஞ்சி ஓட்டை வுழுந்துட்ச்சி போலன்னு அடச்சி, நல்லா கெட்டியா ஊத்திக் குடுத்தேன்!”

எங்கள் கிளப்பில் பிடி மாற்றுகிறபோது அந்த ஓட்டையை விரலால் மூடி, உள்ளே பெட்ரோல் விட்டுக் குலுக்கி, விரலை எடுத்துவிட்டுக் கம்பில் செருகுவதைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகத்தான் அந்த ஓட்டை. அடைத்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாட்ட முடியாது. சொன்னேன். பாய் தன் தலையில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரரிடம், “மாமே, கடையப் பாத்துக்க” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

மூட்டை கிடக்கும் குமணன்சாவடிப் பட்டறைக்கு வானகரம் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்றார். அயனம்பாக்கம் ஏரிக் காற்று கொஞ்சம் ஆறுதல். மட்டையைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மணிக்குப் பட்டறை. பாய் சாக்கு தைக்கும் கோணூசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மூடியில் குத்தினார். ரப்பர் பொசுங்கிய புகை கண்ணைக் கரித்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த இருபுறமும் ஒட்டும் டேப்பைக் கம்பில் சுற்றினேன். மொபெட்டிலிருந்து பெட்ரோல் பிடித்து உள்ளே விட்டுக் குலுக்கிச் செருகினேன். பாதி போய் நின்றுவிட்டது.

“போச்சா?” என்றார் பாய்.

அவசர அவசரமாக உருவி, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, பெட்ரோலை அதிகமாக விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தள்ளு. ‘புஸ்’ என்று ஒரு சத்தம். மட்டையின் முனையில் பிடி கச்சிதமாக உட்கார்ந்தது. நான் அங்கேயே, கரி படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் மூட்டையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். “முந்நூறு பீஸும் பொழச்சிக்கிச்சி சார்” என்று மூட்டையைத் தட்டிக்கொடுத்தார். இருபது பிடி குத்திக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

நாலரை மணிக்குக் குமணன்சாவடிச் சந்திப்பிலிருந்த எஸ்டிடி பூத்தில் செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். நாளைக் காலை வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்வதாகத்தான் எண்ணம். அவர் குரலைக் கேட்டதும், சனிக்கிழமை தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிடி கிடைத்ததை மட்டும் கடைசியில் சொன்னேன்.

“திங்கட்கிழமையே ஸ்டோருக்கு வந்தேன், சிவராஜ்” என்றார் செக்ரட்டரி. “மண்ணெண்ணெய் நாற்றம் வாசல் வரைக்கும் அடிச்சுது. பிடியைத் தொட்டும் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் சார் ஒண்ணும் கேக்கலை?”

“நீங்களே வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க வந்து லீவு கேட்டீங்க. எனக்குப் பயந்து ஊரை விட்டே போறீங்களோன்னு நினைச்சேன். ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வண்டியைத் தவறவிடாம வாங்க, முதல்ல.”

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஜமால் பாய் பதறிப்போனார்.

“இன்னா சார் ஆச்சி? வேலை போச்சா?”

“இல்லைங்க பாய், இருக்குது” என்றேன். அதைச் சொல்லும்போது சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் புழுதியும் வெயிலும் லாரி இரைச்சலும், எங்கள் ஊர் மலைக்காற்றைவிடச் சுகமாக இருந்தன.