இடுப்பு ஒன்று, பெல்ட் மூன்று

மல்யுத்த சாம்பியன் பெல்ட்டுகளின் நகல் விற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வாங்க வருகிறவர் எவரும் குஸ்தி பிடிக்கிறவர் அல்ல. குஸ்தியெல்லாம் கடைக்கு வெளியேதான்.

சுமை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் கடைக் கண்ணாடிக்குள் ஜப்பானிய மல்யுத்தப் பட்டம் ஒன்றின் மூன்று பெல்ட்டுகள் தொங்குகின்றன. பக்கத்துச் சேலைக்கடையிலிருந்து வந்த ஒரு அக்கா, மகனுக்கு நடுவில் இருப்பது மட்டும் போதும் என்றார். பிரித்துத் தர முடியாது என்று சரித்திரத்தை எடுத்துவிட்டேன். வெவ்வேறு ஆட்களிடம் இருந்த மூன்று பட்டங்களை அங்கே ஒன்றாக்கினார்கள். பட்டம் ஒன்றானது, பெல்ட் ஒன்றாகவில்லை. பல வருடங்கள், யார் வென்றாலும் மூன்றையும் சுமந்துகொண்டுதான் மேடையேறினார்.

“ஒண்டாக்கினாப் பிறகும் மூண்டையும் காவுறதெண்டால், அவர் சம்பியனோ கூலியாளோ, தம்பி?”

அண்ணையின் ஓடர்

லண்டனில் எங்கள் ஊருக்கு மூன்று சங்கங்கள். ஒன்றுக்கு என் அண்ணை தலைவர், மற்றதற்கு மனைவியின் தமையன், மூன்றாவதற்கு என் சித்தப்பா. ஒருவர் இருக்கும் இடத்துக்கு மற்றவர் வரமாட்டார். ஆகவே என் மகளின் பிறந்தநாள் கேக்கை வருடாவருடம் மூன்று தரம் வெட்டுகிறோம்.

இந்த வருடம் மூவரும் ஒன்றுசேர்வதாக முடிவெடுத்து, ஐக்கிய கரம்போர்ட் போட்டி வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே பெரிய கேக்குக்குச் சொல்லிவைத்தேன். பெல்ட்டுக்கு ஓடர் தரவந்த அண்ணையிடம், ஜப்பானில் நடந்ததைச் சொல்லி எச்சரித்தேன்.

“அவங்களே மூண்டு வைச்சிருந்தவங்களெல்லோ? அப்ப நீயும் மூண்டு செய்.”

யாருடையது முதலில்?

வென்றவர் எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிய மலேசியத் தமிழர். மண்டபத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இடுப்பில் எந்தச் சங்கத்தின் பெல்ட் என்பதில் பிரச்சினை கிளம்பியது. தோளில் போட்டால் மரியாதை இல்லை என்றார் மச்சான். கையில் கொடுத்தால் அவமானம் என்றார் சித்தப்பா. கடைசியில் மூவரும் தங்கள் தங்கள் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு அவரவர் காரில் ஏறினார்கள். வென்றவர் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நான் ஜெயிச்சேனா இல்லையா?”

ஐக்கிய கேக்

அடுத்த சனிக்கிழமை மகளின் பிறந்தநாள். மூவரும் தனித்தனியே வந்தார்கள், ஆளுக்கொரு கேக்கோடு. மூன்றையும் வெட்டி, மெழுகுதிரி ஊதிக் களைத்த பிள்ளை, நான் வாங்கிய பெரிய கேக்கைப் பார்த்துக் கேட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்பா, இதுக்கு ஆர் வருவினம்?”

ஜப்பானில் கடைசியில் மூன்றையும் ஒரே பெல்ட்டாகச் செய்துவிட்டார்கள். அதன் நகலும் என் கடையில் இருக்கிறது, எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இன்னும் அதை இடுப்பில் வைத்துப் பார்த்ததில்லை.