பூஜ்யம் வராத லட்சம் தடவை

எனக்கு எண்களைவிடக் குறிகள் மேல்தான் எப்போதும் பிடித்தம். புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை வரத்து கூடினால் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று கமிஷன் கடை அண்ணாச்சிகூடச் சத்தியம் செய்யமாட்டார். இறங்கும் என்று செய்வார். இப்படிக் கூடுமா குறையுமா என்பதை மட்டும் கூட்டல், கழித்தல் குறிகளாக வரிசை வரிசையாக ஓர் அணியில், அதாவது மேட்ரிக்ஸில், எழுதிவைத்து, விடை எந்தப் பக்கம் சாயும் என்று அடித்துச் சொல்ல முடியுமா? நாற்பது வயதுக்கு மேல், செங்கோட்டையில் பள்ளிக்கூட வேலை பார்த்துக்கொண்டே, இதில்தான் பிஎச்.டி. செய்தேன். வழிகாட்டி என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

அடித்துச் சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குறிகளை மாற்றாமல் என்ன எண்ணைப் போட்டாலும், அந்த அணியைப் பெருக்கிக் கூட்டிக் கிடைக்கும் ஒற்றை எண்ணான அணிக்கோவை பூஜ்யம் ஆகவே கூடாது. ஒருவகை அணிகளுக்கு அப்படி ஆகாது என்று ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு லெம்மா, அதாவது துணைத்தேற்றம், நிரூபித்து எழுதியிருந்தேன். அதில் ஒரு படி எனக்கே உறுத்தியது. கணினியில் லட்சம் தடவை எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட பூஜ்யம் வரவில்லை. நிம்மதியாகிவிட்டேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது, வருகிறவர்களுக்கு விளக்குவதற்காக ஓர் உதாரண அணிக்கோவையைக் கையால் விரித்து எழுதினேன். உறுப்புகள் எல்லாம் கூட்டலாக வரவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் கழித்தலாக நின்றது. இரண்டும் கலந்துவிட்டால், ஏதோ சில எண்களுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டி பூஜ்யம் வந்தே தீரும். கண்ணை மூடிக்கொண்டு எண்களை அள்ளிப்போட்டால் அது அவ்வளவு கச்சிதமாக வந்து விழாது. கணினியிடம் நான் ‘பூஜ்யமா?’ என்று கேட்டிருக்கக் கூடாது, ‘குறி மாறுகிறதா?’ என்று கேட்டிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் வீட்டுக்காரர் போலீஸில் இருக்கிறார். “ஏட்டி, ரெண்டு எக்ஸாமினரும் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு. யாராவது சொந்தக் காசுல சூனியம் வைப்பாங்களா?” என்றார். எனக்கும் வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசை. டாக்டர் பட்டத்துக்கு அப்படி ஏங்கினேன். ஆனால் அந்தக் கழித்தல் குறி சோறு இறங்கவிடவில்லை.

மேடம் குடும்பத்தோடு சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்தார். போனில் சொல்லத் தைரியமில்லாமல் பஸ் ஏறினேன். பேரருவியில் பெண்கள் பக்கமிருந்து ஈரத் துண்டோடு வந்தவரிடம் தாளை நீட்டினேன். அருவி இரைச்சலில், “நாலாம் அத்தியாயம் தப்பு மேடம்!” என்று கத்த வேண்டியதாயிற்று. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாக விரல் வைத்துப் பார்த்தார். தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் மை கலங்கியது. “ரெண்டு தடவ படிச்சேனே டீச்சர். என் கண்ணுலயும் படல,” என்றார்.

“வைவாவ நிறுத்திருங்க மேடம். என் தப்பு என்னோட போகட்டும்.”

“உங்களோட எப்படிப் போகும்? இந்த லெம்மாவ வச்சுத்தான ஜர்னல்ல என் பேப்பர் வந்துருக்கு.”

நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. அந்தப் பேப்பரைக் காட்டித்தான் அவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்போம்.

அவர் துண்டால் கையைத் துடைத்தார், பையிலிருந்து போனை எடுத்தார். “பேப்பர வாபஸ் வாங்குதேன்னு முதல்ல எழுதிருதேன். நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிரும்,” என்றார். அங்கேயே, ஈரச் சேலையோடு, எழுத ஆரம்பித்தார்.