அண்ணன் குரலில் ஒருவன்

ஆஸ்பத்திரியில் நோயாளி கூட இருப்பவனுக்கு அட்டெண்டர் என்று பெயர். லீவே கேட்க முடியாத உத்தியோகம். பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கிடைத்தது. என் ஒரே தகுதி, எல்லார் குரலிலும் பேசுவேன்.

எலுமிச்சை சோடா

திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன், வில்லியனூர் தாண்டி பைக்கோடு சறுக்கி விழுந்தான். தானே எழுந்து வீட்டுக்கும் வந்துவிட்டான். வாந்தி எடுத்தான், படுத்தான், குறட்டை விட்டான். எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. கலக்கிய சோடாவோடு நின்ற அப்பா சொன்னார்: "தண்ணி போட்டுட்டு வந்துக்கிறான். தூங்குனா தெளிஞ்சிடும், வுடுடா."

டார்ச் லைட்

தெளியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணில் டார்ச் அடித்தார்கள். ஒரு கண்மணி சுருங்கியது. இன்னொன்று விரிந்தபடியே நின்றது. மூளை வீங்கி, மண்டைக்குள் இடமில்லாமல் கீழே இறங்கி, மூச்சை நடத்தும் இடத்தை அழுத்துகிறதாம். மண்டையோட்டில் ஒரு பக்கத்தை உடனே கழற்றினால்தான் வழி.

"பொழைப்பானா சார்?" என்றார் அப்பா.

டாக்டருக்கு இழுத்துப் பேசும் குரல். எனக்கு அப்படியே வரும், ஆனால் வீட்டில் செய்து காட்டியதில்லை. அவர் சொன்னது: "உயிர் நிக்கலாம்பா. பழைய ஆளா எழுந்து வருவானான்னு மட்டும் இப்ப கேக்காத."

விபூதி

கழற்றிய எலும்பை அண்ணனின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் எடுத்துப் பொருத்துவார்களாம். பாகூர் அத்தை வந்து, எலும்பில்லாத பக்கமாகப் பார்த்து விபூதி அழுத்தப் போனாள். "யாரும்மா அது, கைய எடு!" என்று நர்ஸ் குரலில் ஒரு அதட்டல் போட்டேன். கை நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அவன் வயிற்றையே பார்த்தாள்: "வவுத்துலயா? புள்ளைக்கு உறுத்தாதாடா?"

பேச்சுக் கச்சேரி

இப்போது வார்டில் இருக்கிறான். கண் திறக்கிறான், யாரையும் பார்ப்பதில்லை. தொண்டையில் குழாய். பேச்சுக் கொடுங்கள் என்றார்கள். அவன் கம்பெனி சூப்பர்வைசர், பஸ் கண்டக்டர், அத்தை என்று எல்லாராகவும் பேசினேன். அசையவில்லை. கடைசியில் அவன் குரலிலேயே, "யப்பா, பசிக்குது, இன்னா இருக்கு?" என்றேன்.

வராந்தாவில் இருந்த அப்பா பிளாஸ்க்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்: "இன்னொரு வாட்டி சொல்லுடா."

இந்த உத்தியோகத்தில் எனக்கு வந்த ஒரே பிரமோஷன், தினம் சாயங்காலம் அப்பாவுக்கு மட்டும் அண்ணனாக இருப்பது.