சாகுல் அண்ணனின் கேம் கன்சோல்

வியாழக்கிழமை காலை சாகுல் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அன்று அவருடைய கன்சோல் வர வேண்டிய நாள். அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்ததுமே "ஏனுங்ண்ணா, வந்துருச்சுங்களா?" என்றேன். பேசியது அவர் தம்பி. "அண்ணன் மவுத்தாயிட்டாருங்க. விடியால நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஒடனே உசுரு போயிருச்சுங்க" என்றார். நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நம் பம்ப் கம்பெனியில் அவரை அறியாதவர் இல்லை. கோட்டைமேட்டுக்காரர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், நாற்பத்தாறு வயதில் வீடியோ கேம் பைத்தியம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் என்ன ஆட்டம் என்று நாம் எல்லோருமே கேலி செய்திருக்கிறோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "சம்பளம் ஊட்டுக்குங்க, ஓ.டி. காசு ஆட்டத்துக்குங்க" என்பார். புது கன்சோல் வரப்போகிறது என்று செய்தி வந்ததிலிருந்து இரண்டு வருடம் அப்படித்தான் சேர்த்தார். வேலை முடிந்து நாம் டீ குடிக்க பேக்கரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் மட்டும் லோடு இறக்க நின்றுகொள்வார்.

முன்பதிவு ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறப்பதாக இருந்தது. அதே நேரத்தில் அவருக்கு வார்ப்பிரும்பு காஸ்டிங் லோடு இறக்கும் வேலை. பர்ச்சேஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். கார்டையும் போனையும் என்னிடம் கொடுத்தார்.

"பத்து நிமிசத்துல தீந்துபோயிருமுங்க அம்மணி. தொறந்த ஒடனே அமுத்திப்போடுங்க."

திறந்தது. முகவரி போட்டேன், கார்டு எண் போட்டேன். பணம் கட்டும் இடத்துக்கு வந்தபோது சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் கண்ணில் பட்டது. ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. சோமனூரில் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஒரு கிலோ வெங்காயம்கூட வாங்கமாட்டோம். இதுவோ அடுத்தவர் வேர்வைக் காசு. என் கையால் கட்டி, வருகிற சாமான் பழுதாகிப்போனால்? அமுக்குடி என்று எனக்கு நானே சொன்னேன். விரல் அசையவில்லை. பன்னிரண்டு ஐந்து. ஏழு. வருவது வரட்டும் என்று அமுக்கியபோது ஒன்பது. ஸ்டாக் இல்லை என்று வந்தது.

சட்டையெல்லாம் துருவோடு ஓடி வந்தார். "கெடச்சுதுங்களா அம்மணி?"

"சைட்டு ஹேங் ஆயிருச்சுங்ண்ணா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "பரவால்லீங்க. மறுக்கா தொறப்பாங்க" என்று கார்டை வாங்கிக்கொண்டு போனார்.

மறுபடி திறக்க ஐந்து மாதம் ஆயிற்று. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் போனைத் திறந்து பார்ப்பார். எனக்குச் சோறு இறங்காது. இன்று சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் எழுந்து போயிருக்கிறேன். "சாப்பிட்டீங்களா அம்மணி?" என்று அவர் கேட்டதும் திரும்பி வந்துவிடுவேன். போன வாரம்தான் அவரே புக் செய்தார். "வியாழக்கெழம வருதுங்க. மொத ஆட்டம் உங்களுக்குத்தான்" என்றார்.

அடக்கம் முடிந்த மாலை அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் போன் அடித்தது. டெலிவரிக்காரர். "சார் இருக்காருங்களா? ஓ.டி.பி. சொல்லணுமுங்க." எடுத்த தம்பி போனை எங்கள் பக்கம் நீட்டினார். மகள் போனை வாங்கி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அட்டைப்பெட்டி கூடத்துக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க" என்றார் அண்ணி. "அன்னிக்கே சொன்னாரு. 'புதன்கெழம பன்னண்டு மணி, அந்தப் புள்ளைக்கு ராகு காலம். நாந்தான் யோசிக்காம குடுத்துப்போட்டேன், அது மேல தப்பில்ல'ன்னாரு."

நண்பர்களே, அன்று சைட் நன்றாகத்தான் வேலை செய்தது. அவர் அதைத் தெரிந்துகொண்டே ஒரு முறைகூட என்னைக் கேட்காமல் இருந்தார். கன்சோல் அவர் மகளிடம் இருக்கிறது. அவர் ஆடியிருக்க வேண்டிய ஐந்து மாதங்கள் என்னிடம் இருக்கின்றன.