இட்லிக் கடை ராமலட்சுமிக்கு இமை வைத்தது

வண்டிப்பெரியார் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இறங்குகிற சந்தில் ராமலட்சுமியின் இட்லிக் கடை இருக்கிறது. காலை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் இட்லியைத் தெரியும். அவளைத்தான் தெரியாது. வாசலில் நின்று பரிமாறுவது அவள் புருஷன் சுடலைமணி. தகரத் தடுப்புக்குப் பின்னால், கொப்பரை ஆவிக்குள் நின்று ஈடு ஈடாக அவித்துத் தள்ளுவது அவள்.

பார்த்தால் இது தலைகீழ் ஏற்பாடு. ராமலட்சுமி பேச்சுக்காரி. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் கொழுந்து கிள்ளப் போன காலத்தில், மலைச்சரிவின் அந்தப் பக்கம் நிற்பவளோடு இந்தப் பக்கம் நின்று வம்பளந்தவள். சுடலைமணியோ, "சட்னி இருக்கா?" என்று கேட்டால் சட்னியைக் கொண்டுவந்து வைப்பானே தவிர "இருக்கு" என்று சொல்ல மாட்டான். கடை தொடங்கிய நாளில் ஆம்பளை முன்னால், பொம்பளை அடுப்படியில் என்று ஆகிப்போனது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் அக்கா மகள் ஜீவிதா குமுளியில் பியூட்டீஷியன் படிப்பு முடித்துவிட்டு வந்து, மருந்துக் கடை மாடியில் ஓர் அறை பிடித்திருந்தாள். புருவம் திருத்த ஆள் வந்தது. ஆனால் அவள் ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்த வேலை ஐலாஷ் எக்ஸ்டென்ஷன். கண் இமையில் இருக்கிற சொந்த முடி ஒவ்வொன்றோடும் ஒரு செயற்கை முடியை ஒட்டி, இமையை நீளமாக்குகிற வேலை. கண்ணில் பசை என்று கேட்டதுமே லயத்துப் பெண்கள் ஓடிப்போனார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட முதல் ஆள் ஒருத்தியாவது வேண்டுமே என்று ஜீவிதா சித்தியிடம் வந்து நின்றாள். என்ன செய்வாள், எப்படிச் செய்வாள், அப்புறம் எதெல்லாம் ஆகாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். ராமலட்சுமி உளுந்து களைந்துகொண்டே பாதிதான் கேட்டாள். ஒரு வார்த்தையில் அவள் கை நின்றது.

"ரெண்டு மணி நேரம் கண்ண மூடிப் படுத்துக் கெடக்கணும் சித்தி. அசையக் கூடாது."

"நடுவுல யாராச்சும் கூப்பிட்டா?"

"கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது."

"அப்ப நான் வாரேன்" என்றாள் ராமலட்சுமி.

முதலில் ஜீவிதா நாலைந்து முடி மட்டும் ஒட்டி, பசை ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு நாள் விட்டுப் பார்த்தாள். அரிப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்கவைத்து, கண்ணுக்குக் கீழே ஒரு பட்டை ஒட்டி, இரண்டு கையிலும் சின்ன இடுக்கி பிடித்து வேலையைத் தொடங்கினாள். ஒரு கண் ஓரம் முடிவதற்குள் ராமலட்சுமி தூங்கிவிட்டாள். தூங்கினால் பரவாயில்லை, குறட்டையும் விட்டாள். குறட்டை ஏறும்போது இடுக்கியைத் தூக்கி, இறங்கும்போது முடியை வைத்து, ஜீவிதாவுக்கு இரண்டு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆயிற்று.

எழுப்பிக் கண்ணாடியைக் காட்டினாள். ராமலட்சுமிக்குப் பிறவியிலேயே இமைமுடி குட்டை, இருப்பதே தெரியாது. இப்போது கண்ணாடிக்குள் இருந்த கண் கரேலென்று விரிந்து அவளைப் பார்த்தது.

"இது நானாட்டி?" என்றாள் மெதுவாக.

ஜீவிதா மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். பசை நன்றாக இறுகும்வரை, இரண்டு நாளைக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. கசக்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது. மையும் வேண்டாம்; கண் பக்கம் எண்ணெயே வேண்டாம், எண்ணெய் பசையை இளக்கிவிடும். இன்றைக்குக் கண் லேசாகச் சிவந்திருந்தால் பயப்பட வேண்டாம். முக்கியமாக, ஆவி ஆகாது.

"ஆவியா? ஏட்டி, நான் இட்லிக் கடைக்காரிடி."

"அன்னைக்கே சொன்னேன் சித்தி. நீங்க படுக்கத மட்டும்தான் கேட்டீங்க."

வீட்டுக்கு வந்தாள். சுடலைமணி ஒரு தடவை பார்த்தான். சோற்றைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தான். அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கடையை மூடச் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தான்.

"ஆவிய நான் பாத்துக்கிடுதேன். நீ வாசல்ல நில்லு" என்றான்.

மறுநாள் முதல் ஈடு ஒப்பேறவில்லை. தட்டில் விரிக்கிற துணியை நனைக்க மறந்துவிட்டான். இட்லியைத் துணியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஈடு கல். அதற்கடுத்தது இட்லி. சின்ன வெங்காயம் உரித்ததும் அவன்தான். ராமலட்சுமிக்குக் கண்ணில் நீர் வரக் கூடாதென்று அவன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான்.

வாசலில் ராமலட்சுமியைப் பார்த்ததும் வந்தவர்கள் தயங்கினார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர் வீரபாண்டி, தினமும் அங்கே சாப்பிடுகிறவர், புது ஆளா என்று விசாரித்தார்.

"இத்தன வருசமா நீங்க திங்கிற இட்லிக்கு ஆளு நான்தாம்ணே" என்றாள் அவள்.

அவர் வெட்கப்பட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கினார். மலையாளத்துக் கண்டக்டர் ரிஜின் அவள் முகத்தைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். கடைசியில் அடக்க முடியாமல், "சேச்சி, கண்ணு ஒறிஜினலா?" என்று கேட்டுவிட்டான்.

"கண்ணு ஒறிஜினல்தான் தம்பி. முடிதான் வச்சது."

கடையே சிரித்தது. தடுப்புக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் யாருக்குச் சர்க்கரை, யார் மகன் அரபு நாட்டிலிருந்து வருகிறான், யாருக்கு எந்தச் சட்னி ஆகாது எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இரண்டு நாள் கெடு முடிந்தது. ஆனால் ராமலட்சுமி, இவ்வளவு அழகாக இருப்பதைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அதற்கப்புறமும் ஆவிப் பக்கம் போகவில்லை, கண் பக்கம் தண்ணீரையும் கொண்டுபோகவில்லை. கன்னத்தோடு நிறுத்திக்கொண்டாள். தெருத் தூசியும் வியர்வையும் இமை ஓரத்தில் படிந்து, அந்த வாரக் கடைசியில் அரிப்பு தொடங்கியது. கண் சிவந்தது. லயத்திலிருந்து வந்த ராமுத்தாய் மதினி பார்த்துவிட்டு, பசை உள்ளே இறங்கிப் பார்வையே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ராமலட்சுமி மொத்தமாகப் பிய்த்து எறிந்துவிடலாம் என்று விரலை இமைக்குக் கொண்டுபோனாள்.

சுடலைமணி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஏ லச்சுமி, விடு. அதோட உன் முடியும் சேந்து வந்துரும். பிள்ளைய வரச் சொல்லுதேன்."

பிய்த்தால் சொந்த முடியும் வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஜீவிதாவுக்குப் போன் போட்டு அவனே ஒரு நாள் கேட்டுவைத்திருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜீவிதா ஓடிவந்து விளக்கை அருகில் வைத்துப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சீழ் இல்லை, பார்வை மங்கவில்லை. அதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போயாக வேண்டும், கைவைத்தியம் ஆகாது என்றாள். இது வெறும் அழுக்கு. தண்ணீர் ஆகாது என்றது முதல் இரண்டு நாளைக்குத்தான். அதற்கப்புறம் தினமும் கழுவாவிட்டால்தான் கேடு. இமைக்கென்று இருக்கிற எண்ணெய் சேராத நுரையை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, மேலிருந்து கீழாக வருடி, கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி, காய்ந்தபின் குட்டிச் சீப்பால் நீவிவிட்டாள். நாளைக்கும் அரிப்பு இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று சொல்லிப் போனாள். மறுநாள் அரிப்பு இல்லை. அடுத்த நாள் சிவப்பும் இல்லை.

அப்புறம் தலையணையில் ஒன்றிரண்டு முடி கிடந்தது. அதற்கும் பதறிப் போன் செய்தாள். சொந்த இமைமுடியும் தினம் ஒன்றிரண்டு உதிரத்தான் செய்யும், ஒட்டினது அதோடு சேர்ந்து விழும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம் என்றாள் ஜீவிதா. தலையணையில் விழுந்ததோடு நின்றிருந்தால் நிரப்பியிருப்பாள். ஒரு நாள் வீரபாண்டியின் சாம்பாரில் விழுந்தது.

அவர் அதை விரல் நுனியில் எடுத்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், "தங்கச்சி, இது ஒன்னோடதா பாரு" என்றார். ராமலட்சுமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தட்டை மாற்றினாள். சோறு போடுகிற இடத்துக்கு இது சரிப்படாது என்று அன்று மாலையே மாடி ஏறினாள். ஜீவிதா ஒரு களிம்பைத் தடவி, பசை இளகியதும் ஒவ்வொன்றாக வழித்தெடுத்தாள். சொந்த முடி ஒன்றும் குறையவில்லை. இரண்டு மூன்று நாளைக்குக் கண்ணாடியில் முகம் மொட்டையாகத் தெரிந்தது. காய்ச்சலா சேச்சி என்று ரிஜின்கூடக் கேட்டான். பிறகு பழகிவிட்டது.

பழைய இடத்துக்குப் போகலாம் என்று அவள் தடுப்புக்குள் நுழைந்தபோது சுடலைமணி கரண்டியைக் கொடுக்கவில்லை. இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது என்றான். அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததில்தான், வீரபாண்டியின் மகளுக்குச் சித்திரையில் கல்யாணம் என்று தெரிந்தது. காலைப் பந்திக்கு இட்லி ஆர்டர் இவர்கள் கடைக்கு வந்தது. பொண்ணுக்கு இமை வைக்கிற வேலை ஜீவிதாவுக்குப் போனது. ராமலட்சுமி பொண்ணைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். முந்தின நாள் வைக்காதே, நாலு நாள் முன்னமே வை, அதற்குள் இறுகிவிடும். தினமும் கழுவு. அழுகை வந்தால் அழு, ஆனால் முந்தானையால் கசக்காதே, டிஷ்யூவால் ஒற்றி எடு.

முகூர்த்தம் முடிந்து பொண்ணு வேனில் ஏறுகிற நேரம். ஜீவிதா ஒரு பக்கம், ராமலட்சுமி ஒரு பக்கம், ஆளுக்கொரு கட்டு டிஷ்யூவோடு தயாராக நின்றார்கள். பொண்ணு சிரித்துக்கொண்டே ஏறிப்போனாள். ஜீப்பின் மேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதது வீரபாண்டிதான். இரண்டு கட்டும் அவருக்கே சரியாகப் போயிற்று.