மூன்றாவது கூப்பாட்டுக்கு வந்த பதில்

போனது பத்துப் பேர். வாலிபோல் மாஸ்டர் சிவராசா. பிள்ளைகளுக்குப் பெண் துணையாக, கொழுந்து பறிக்கிற நான், பாக்கியம். பிள்ளைகள் எட்டுப் பேர்: யோகேஸ்வரி, தர்ஷினி, சுகந்தி, மேரி, நிரோஷா, கவிதா, பவானி, லலிதா.

நாலாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கவிதா இல்லை.

எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளைகளை நேபாளத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் தேயிலை மலைதான். அந்த ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட வேண்டும், ஆட வேண்டும், அவர்கள் வீட்டில் தங்க வேண்டும். கவிதாவின் அம்மா செல்வி, லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பரா. புருஷன் இல்லை. ஒரே பிள்ளை. விடமாட்டேன் என்றாள். நான்தான் மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்து வாக்குக் கொடுத்தேன். "எண்ணிக் கூட்டிட்டுப் போறேன். எண்ணிக் கூட்டிட்டு வர்றேன்."

பஸ் ஏறும்போது செல்வி மகளிடம் ஒன்று சொன்னாள். "பனியில யாரு கூப்பிட்டாலும் மொதக் கூப்பாட்டுக்கு வாயத் தொறக்காத. மூணாவதுக்குத்தான்." எங்கள் மலையில் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். பனி இறங்கினால் தெரிந்த குரலில் ஒன்று கூப்பிடும். ஒரு தரம்தான் கூப்பிடும். மனுஷர் என்றால் மூச்சு விட்டு மூச்சு விட்டு மூன்று தரம் கூப்பிடுவார்கள். நான் அப்போது பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை.

அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் கொடுத்தேன். எங்கே போனாலும் சொல்லச் சொல்வேன். மேரி சிரிப்பாள். "இதென்ன பெரியம்மா, வேலைக்கு ஆள் எண்ணுற காலைப் பெரட்டா? பேர் போட்டா சம்பளம் குடுப்பீங்களா?"

"ஆமா, ஒனக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். போடி," என்பேன்.

நாலாம் நாள் மேட்சில் தோற்றோம். பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். பிறகு மலை உச்சியில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி இறங்கும்போது பனிமூட்டம் வந்து மூடியது. என் கை எனக்குத் தெரியவில்லை.

"நில்லுங்க. நம்பர் சொல்லுங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

சரியாக இருந்தது. இறங்கினோம். வேன் நின்ற இடத்தில் பனி இல்லை. பார்த்தேன். ஏழு பேர்தான் நின்றார்கள். ஆறாம் நம்பர் கவிதா இல்லை.

ஐந்தாம் நம்பர் நிரோஷா அழுதாள். "ஆறுன்னு என் காதுக்கிட்ட கேட்டிச்சு பெரியம்மா."

ஏழாம் நம்பர் பவானியும் கேட்டிருக்கிறாள்.

"கவிதா கொரலா அது?"

இரண்டு பேரும் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளை வேனில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே ஏறினோம். மாஸ்டர் விசில் ஊதினார். அந்த ஊர் ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பதில் இல்லை. ஒரு ஆள் பாதை ஓரத்தில் கல்லை எறிந்து பார்த்தார். கல் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப் போனார்.

நான் தேயிலைச் செடிக்குள் முட்டி போட்டேன். செல்விக்கு என்ன சொல்வேன்? அழுகை வரவில்லை. "மாரியாத்தா, அந்தப் பிள்ளைய எங்கிட்ட குடு. வந்து தீச்சட்டி எடுக்கிறேன்," என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. பேசாமல் இருந்தேன்.

அப்போது லயத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று செல்வி மகளைக் கூப்பிடுவது ஞாபகம் வந்தது. ஒரு தரம். நிறுத்தி இன்னொரு தரம். நிறுத்தி இன்னொரு தரம். அதை அந்த நேரத்தில் என் மண்டையில் போட்டது யார்? நான் இல்லை.

எழுந்து எல்லாரையும் வாயை மூடச் சொன்னேன். கையைக் காட்டியே சொன்னேன். விசில் நின்றது.

"கவிதா."

மூச்சு விட்டேன்.

"கவிதா."

மூச்சு விட்டேன்.

"கவிதா."

"இங்கதான் இருக்கேன் பெரியம்மா."

பத்தடி கீழே இருந்தாள். ஒரு செடியைக் கட்டிப் பிடித்திருந்தாள். அந்தச் செடிக்கு அப்புறம் தரை இல்லை. கயிறு போட்டுத் தூக்கினார்கள்.

"நீங்கதானே கீழ இருந்து கூப்பிட்டீங்க," என்றாள். "பதில் சொல்லல. ஆனா ஒங்க கொரலாச்சேன்னு ரெண்டு எட்டு வச்சேன், சறுக்கிருச்சு. அப்புறம் நீங்க கூப்பிடவே இல்ல. அம்மா சொன்னது நெனப்பு வந்திச்சு. அசையல. அதுக்கப்புறம் எல்லாரும் கத்துனாங்க. எது மனுஷக் கொரல்னு தெரியல."

பாதையில் நான் அவளைக் கூப்பிடவே இல்லை. நம்பர் சொல்லச் சொன்னதைக் கேட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் "ஆறு" சொன்னது யார்? இன்றைக்கும் தெரியாது. தெரிய வேண்டாம்.

தை மாதம் தீச்சட்டி எடுத்தேன். கை சுடவில்லை. அதற்கு முன் கோயிலுக்குத் திருவிழாவுக்கு மட்டும் போவேன். இப்போது வெள்ளிதோறும் வேலை விட்டு நேரே போகிறேன். செல்வியும் வருகிறாள். கஷ்டத்தில் இருப்பவர்களே, பெரிய மந்திரம் வேண்டாம். வாயில் வருவதைக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். ஆத்தா தருவாள்.

ஊர் திரும்பிய அன்றே பிள்ளைகளைக் கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தினேன். நம்பர் சொல்ல வாயெடுத்தார்கள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன்.

எட்டு.